தாரிகாவுக்காக இறைத்த கிணறு

அரியாலையில் கடலேரிப் பக்கம் இறங்கிப் போகிற ஒழுங்கையில், கடைசிக்கு முந்தின வீடு உதயகலாவினுடையது. அந்த ஒழுங்கையால் வந்து போகிறவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய முகம் தெரியாது. அவளுக்கோ அவர்கள் எல்லாரையும் தெரியும். வாசல் படலையில் யாராவது கூப்பிட்டால் புருஷன் கோபிசங்கர்தான் எழுந்து போவான். உதயகலா கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றுகொள்வாள். வந்தவர் செருப்பை எப்படிக் கழற்றுகிறார், கதைக்கும்போது கண் எந்தப் பக்கம் போகிறது, கொடுத்த தண்ணீரைக் குடிக்கிறாரா அல்லது கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறாரா என்று எல்லாவற்றையும் பார்ப்பாள். ஆள் போன பிறகு, "உவர் வேறை என்னத்தையோ கேக்க வந்து கேளாமல் போறார்" என்பாள். அநேகமாக அது சரியாகத்தான் இருக்கும்.

அவளுடைய பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில் கொடிகாமத்துக்குப் போன குடும்பம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, தாய்க்குச் சுகமில்லை, அவளுக்குக் கீழே சின்னப் பிள்ளைகள். நீ இனிப் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. பிறகு கலியாணம், ஒரு மகன். மகன் இப்போது வவுனியாவில் தங்கிப் படிக்கிறான். கோபிசங்கர் தண்ணீர் இறைக்கும் மோட்டர்கள் திருத்துகிறவன்; சந்தியில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறான். குறை சொல்ல முடியாத வாழ்க்கைதான். ஆனால் படித்த ஆட்களைக் கண்டால் மட்டும் உதயகலாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தான் வாயைத் திறந்தால் எந்த இடத்தில் பிழை பிடிப்பார்களோ என்று பயம்.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்குத்தான் ஒரு சித்திரை மாதத்து வெயிலில் பட்டதாரிப் பிள்ளைகள் மூன்று பேர் வந்து நின்றார்கள். சிவதர்ஷன் என்ற நெட்டைப் பொடியன்தான் எல்லாவற்றையும் கதைத்தான். பட்டம் முடித்த பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறார்களாம். மழையும் வெயிலும் முந்தி மாதிரி இல்லை. இனி வரப்போகிற காலத்துக்கு ஏற்ற மாதிரித் தண்ணீரையும் பயிரையும் எப்படி வைத்துக்கொள்வது என்று படிக்கிற படிப்பாம். காலநிலை இசைவாக்கம் என்று அதற்குப் பெயராம். அதற்காகக் கடலேரிக்குக் கிட்ட உள்ள கிணறுகளைக் கோடை முழுவதும் அளந்து பார்க்க வேண்டுமாம்.

கோபிசங்கர் தலையைச் சொறிந்தான். "அப்ப தம்பி, மழையை வரப் பண்ணுவியளோ?"

"இல்லை அண்ணை. வராட்டில் என்ன செய்யலாமெண்டு பாப்பம்."

"அது எங்களுக்கே தெரியுமே. வராட்டில் அழுறது."

எல்லாரும் சிரித்தார்கள். சீலைக்குப் பின்னால் நின்ற உதயகலா சிரிக்கவில்லை. அவள் மூன்றாவது ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன உருவம், கறுத்த முகம், இறுக்கிப் பின்னிய தலைமயிர். மற்ற இருவரும் வீட்டைப் பார்த்தார்கள், மாமரத்தைப் பார்த்தார்கள். இந்தப் பெட்டை நேரே போய்க் கிணற்றுக்கட்டில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். தொட்டிலுக்குள் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. 'உவள் நல்லவள்' என்று உதயகலா முடிவு கட்டிவிட்டாள்.

அவள்தான் தாரிகா. அந்தக் கிணறு அவளுடைய பொறுப்பில் வந்தது.

கிழமைக்கு ஒருதரம் செவ்வாய்க்கிழமையில் வருவாள். பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கி ஒழுங்கையால் நடப்பாள். பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்துக் கிணற்றுக்குள் விடுவாள். நுனி தண்ணீரில் பட்டதும் அது கீச்சென்று கத்தும். பிறகு கம்பியில் கட்டிய ஒரு சின்னக் கருவியை இறக்கி, தண்ணீரின் மேற்பக்கத்தில் ஒரு தரமும் அடியில் ஒரு தரமும் உப்பு எவ்வளவு என்று பார்ப்பாள். முதல் நாள் மட்டும், "வழக்கமா எவ்வளவு தண்ணி எடுக்கிறியளோ அவ்வளவே எடுங்கோ அக்கா" என்றாள். உதயகலா, "ஓம்" என்றாள். வைகாசி முழுவதும் இரண்டு பேரும் கதைத்தது அவ்வளவுதான். ஒருத்தி அளப்பாள். மற்றவள் தேத்தண்ணீரைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு உள்ளே போவாள். ஒருத்தி குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். மற்றவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கோபிசங்கருக்கு இது பெரிய பகிடி.

"ரண்டு ஊமையளும் இண்டைக்கு என்ன கதைச்சனியள்?" என்று பின்னேரம் வந்து கேட்பான்.

இருவரும் கதைக்கத் தொடங்கியது பக்கத்து வீட்டு இரத்தினம்மாவால். இரத்தினம்மா வேலிக்கு மேலால் தலையை நீட்டினால் ஒழுங்கைக்கே செய்தி வாசிக்கிற மாதிரி. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் தாரிகாவைப் பார்த்து, "பிள்ளை எந்த இடம்?" என்றாள்.

"மயிலிட்டி அம்மா."

"மயிலிட்டியிலை?"

"கடற்கரையோடை. அப்பா தொழிலுக்குப் போறவர்."

"ஓ..." என்றாள் இரத்தினம்மா. அந்த 'ஓ' கொஞ்சம் நீண்டது. தாரிகா நாடாவைச் சுற்றுவதில் கவனமாக இருந்தாள். அவள் போன பிறகு இரத்தினம்மா வேலிக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள். "கலா, உந்தக் கடற்கரை ஆக்களை நீ கிணத்துக்கட்டிலை ஏற விடுறியோ?"

உதயகலா யாருக்கும் திருப்பிக் கதைத்துப் பழக்கமில்லாதவள். அன்றைக்கு வாயில் தானாக வந்தது. "ஓம் மாமி. இப்ப அவள்தான் கிணத்துக்குச் சொந்தக்காரி. நானும் அவளிட்டைக் கேட்டுத்தான் தண்ணி அள்ளுறன்."

சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை தேத்தண்ணீரோடு ஒரு தட்டில் சுடச்சுடப் பொரித்த இரண்டு வாய்ப்பனும் வந்தது. உதயகலா உள்ளே போகாமல் மாமரத்தடியில் நின்றாள். "பிள்ளை, வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேட்டாள்.

கேட்கத் தொடங்கினால் தாரிகாவும் கதைக்கிறவள்தான். மயிலிட்டிச் சனம் இடம்பெயர்ந்து இருந்த முகாம் ஒன்றில் பிறந்தவள். நடக்கப் பழகியதும் தண்ணீர் வரிசையில் நிற்கப் பழகியதும் ஒரே காலத்தில். முகாமில் எல்லாச் சண்டையும் தண்ணீரில்தான் தொடங்கும் என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு காணி விடுபட்டு ஊருக்குத் திரும்பினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தாள். தாய்க்கு இவள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போக வேண்டும். பட்டதாரிகளுக்கு நியமனம் கொடுக்கப் போகிறார்கள் என்று கதை அடிபடுகிற நேரம் எல்லாம் தாயின் போன் வரும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அப்படி ஒரு போன் வந்தது. "அம்மா, பேர் கூப்பிடட்டும், பாப்பம். புரட்டாசி முடியுமட்டும் பொறுங்கோ... இல்லை, இது சும்மா கிணறு எட்டிப் பாக்கிற வேலை இல்லை" என்று தாரிகா கெஞ்சினாள். வைத்த பிறகு உதயகலாவைப் பார்த்துச் சொன்னாள்: "ஒன்பது பேர் பயிற்சி எடுக்கிறம் அக்கா. முடிவிலை ரண்டு பேரைத்தான் மேலை படிக்க எடுப்பினம். முதுமாணி. எடுபடாட்டில் நான் அம்மா சொல்லுற வேலைக்குத்தான் போகோணும்."

"உன்னை எடுப்பினம்தானே?"

"எனக்கு மூண்டு கிணறு தந்தவை. ஒண்டை மூடிப்போட்டினம். மற்ற வீட்டுக்காரர் லண்டனாலை வந்து குழாய்க்கிணறு அடிச்சுப்போட்டு, இனி உள்ளுக்கை வரவேண்டாமாம். உங்கடை கிணறு ஒண்டுதான் இடையிலை அறாமல் வந்துகொண்டிருக்கு. கோடை முழுக்க என்ன நடந்ததெண்டு இதை வைச்சுத்தான் நான் காட்டோணும்."

உதயகலா கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அது வெறும் கிணறாகத் தெரியவில்லை. வீட்டில் ஒரு பிள்ளை சோதினைக்குப் படிக்கிற மாதிரி இருந்தது. கோபிசங்கர் கால் கழுவ ஒரு வாளி கூட அள்ளினாலும், "காணும் காணும்" என்பாள்.

புரட்டாசி பிறந்தது. தண்ணீர் நன்றாகக் கீழே போயிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அளந்து முடித்த தாரிகா பையைத் தோளில் போட்டுக்கொண்டு தயங்கி நின்றாள்.

"அக்கா, கடைசி அளவு வியாழக்கிழமை எடுப்பன். வெள்ளிக்கிழமை எங்கடை மேடமும் கொழும்பாலை வாற ஆக்களும் கிணறு பாக்க வருவினம். இஞ்சை வைச்சுத்தான் நான் சொல்லிக் காட்டோணும்."

"நாங்கள் ஏதும் செய்யோணுமோ பிள்ளை?"

"ஒண்டும் வேண்டாம் அக்கா. எல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும்."

இங்கேதான் பிழை நடந்தது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் 'ஒண்டும் வேண்டாம்' என்று சொன்னால் அதற்கு அர்த்தம் 'ஒண்டும் வேண்டாம்' அல்ல. சாப்பிட்டிட்டு வந்தனான் என்கிறவருக்குத்தான் முதலில் இலை போடுவார்கள். அவர் சொல்வது அவருடைய மரியாதை. கேளாமல் செய்வது எங்களுடைய மரியாதை. அந்தப் பிள்ளை வாய்விட்டு எதையும் கேட்காத பிள்ளை என்று உதயகலாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் கேட்காததையும் பார்த்துச் செய்ய வேண்டியது தன்னுடைய கடமை என்று நினைத்தாள்.

அதற்கு மேல் இரத்தினம்மாவும் வேலியில் தோன்றினாள்.

"பெரியாக்கள் வருகினமாம்? உன்ரை கிணத்துக்குள்ளை பாசி தொங்குதடி. போன வரியமும் இறைக்கேல்லை. அந்தப் பெட்டை பாவம், எல்லாருக்கும் முன்னாலை உந்தச் சேத்தைக் காட்டிக்கொண்டு நிக்கப்போகுது."

உதயகலா போய் எட்டிப் பார்த்தாள். உண்மைதான். பக்கச் சுவரில் பாசி பச்சைத் தாடியாகத் தொங்கியது. ஒரு மூலையில் சருகு மிதந்தது. கலியாணத்துக்கு, சாமத்தியவீட்டுக்கு, கோயில் கொடியேற்றத்துக்கு எல்லாம் கிணறு இறைக்கிறோம். இந்தப் பிள்ளையின் பெரிய நாளுக்கு இறைக்காமல் விடுவதா? 'அவ்வளவே எடுங்கோ' என்று அவள் முதல் நாள் சொன்னது குடிக்க, குளிக்க அள்ளுவதைத்தான்; கழுவ இறைப்பது அதில் சேராது என்று நினைத்தாள். தண்ணீர் கீழே கிடக்கிற இந்த மாதம்தான் இறைப்பதற்கும் தோதான மாதம்.

புதன்கிழமை விடிய கோபிசங்கர் கடையிலிருந்து பெரிய மோட்டரைக் கொண்டுவந்து வைத்தான். கடையில் அவனோடு வேலை செய்யும் றஞ்சித் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினான். தண்ணீர் குபுகுபுவென்று வாழைகளுக்குள் பாய்ந்தது. அடி தெரிந்ததும் கிணற்றுக்குள்ளிருந்து றஞ்சித்தின் குரல் முழங்கியது.

"அக்கா! மூண்டு வாளி, ரண்டு செம்பு, ஒரு செருப்பு. உங்கடை கிணத்தை நம்பி ஒரு கடை போடலாம்!"

"செருப்பு எந்தக் கால்?" என்று கோபிசங்கர் மேலிருந்து கத்தினான். "வலக்கால் எண்டால் என்ரை!"

பாசியைச் சுரண்டினார்கள். சேற்றை வாளி வாளியாக ஏற்றினார்கள். தண்ணீர் தெளிய அடியில் ஒரு நெல்லிக்கட்டை போட்டார்கள். முதலில் ஊறி வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. "அதையும் இறைச்சு விடுங்கோ, அடுத்த ஊத்துத்தான் சுத்தம்" என்று இரத்தினம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நடத்திக்கொண்டிருந்தாள். அதையும் இறைத்தார்கள். பின்னேரம் கிணற்றுக்கட்டுக்கு வெள்ளை அடித்து முடிய, உதயகலா கற்பூரம் கொளுத்திவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. தாரிகாவின் முகம் எப்படி மலரும் என்று நினைத்து அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை தேத்தண்ணீரை வாயில் வைத்த கோபிசங்கர் முகத்தைச் சுளித்தான். "கலா, சீனிப் போத்தலை எடுக்கப்போய் உப்புப் போத்தலை எடுத்திட்டியோ?"

"புதுத் தண்ணி அப்பிடித்தான் இருக்கும். குடியுங்கோ" என்றாள். தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். மனதில் ஏதோ சின்னதாகத் தட்டியது.

தாரிகா படலையைத் திறந்ததும் அப்படியே நின்றாள். வெள்ளை அடித்த கட்டைப் பார்த்தாள். வாழைக்குள் ஈரம் காயாத மண்ணைப் பார்த்தாள். பிறகு மெல்ல நடந்து வந்து நாடாவை இறக்கினாள். கருவியை இறக்கினாள். கருவியில் தெரிந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மேலே தூக்கி, துணியால் துடைத்து, திரும்ப இறக்கினாள்.

"எப்பிடி இருக்குப் பிள்ளை?" என்று உதயகலா கேட்டாள்.

"நல்லா இருக்கு அக்கா. வடிவா இருக்கு."

சொல்லும்போது அவள் சிரித்தாள். ஆனால் பார்த்துப் பழகிய கண் உதயகலாவுக்கு. அந்தச் சிரிப்பு உதட்டுக்கு மேலே ஏறவில்லை. தாரிகா முகம் கழுவப் போகிறேன் என்று வாழைப் பக்கம் போனாள். வாளி இல்லாமல் போனாள்.

அங்கே நின்று போனில் கதைத்தாள். உதயகலா மாமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றாள். சிவதர்ஷனின் குரல் ஒலிபெருக்கியில் போட்ட மாதிரிக் கேட்டது.

"உப்பு மூண்டு மடங்கோ? வரைபிலை உன்ரை கோடு கூரைக்குப் போயிடும். விசரி, செவ்வாய் அளவோடை கொஞ்சம் கூட்டிப் போடு. நாளைக்கு ஒருத்தரும் கருவியை இறக்கிப் பாக்கப் போறேல்லை."

"வேண்டாம் சிவா. தண்ணியிலை இருக்கிறதைத்தான் நான் போடலாம்."

"அப்ப அந்த அக்காவை எல்லாருக்கும் முன்னாலை மாட்டிவிடப் போறாய்."

தாரிகா போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். முன்னால் உதயகலா நின்றாள்.

"என்ன நடந்தது எண்டு எனக்குச் சொல்லு பிள்ளை."

வேறு வழியில்லாமல் தாரிகா சொன்னாள். இந்த மண்ணுக்குக் கீழே மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதக்கிறது. காய்ச்சின பாலுக்கு மேலே ஆடை கிடக்கிற மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாக அள்ளினால் ஆடைக்கு ஒன்றும் ஆகாது. ஒரேயடியாக உறிஞ்சினால் கீழே கிடக்கிற உவர்த் தண்ணீர் மேலே ஏறிவிடும். கோடை முடிவில் ஆடை ஆக மெல்லிசாக இருக்கும் நேரம் பார்த்து இரண்டு தரம் அடி தெரியும்வரை இறைத்திருக்கிறார்கள். அவள் சித்திரை தொடக்கம் அளந்து வந்தது எல்லாம் கோடையில் அந்தத் தண்ணீர் தன்பாட்டில் எப்படி மாறுகிறது என்று காட்டத்தான். இனி அதைக் காட்ட முடியாது.

உதயகலா கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "உனக்காகத்தான் பிள்ளை இறைச்சனாங்கள்."

"தெரியும் அக்கா. அதுதான் எனக்கு அழுகை வருது."

கேள்விப்பட்டுக் கடையிலிருந்து ஓடி வந்த கோபிசங்கர், "வேணுமெண்டால் வவுசர் வண்டியிலை நல்ல தண்ணி கொண்டுவந்து உள்ளுக்கை ஊத்துவமே?" என்றான். அழுதுகொண்டிருந்த இரண்டு பேரும் அவனைப் பார்த்த பார்வையில் அவன் மெதுவாகப் பின்வாங்கிப் போனான்.

தாரிகா கண்ணைத் துடைத்தாள். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகவில்லை. மாமரத்தடியில் பாயைப் போட்டு இருந்து, மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழுந்து போய் அளந்தாள். தண்ணீர் எப்படி ஊறுகிறது, உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாள். கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள். வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் திரும்ப வந்து நின்றாள். பெரியவர்களுக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று உதயகலா அவளைக் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

பத்து மணிக்குப் பெரியவர்கள் வந்தார்கள். வாகனம் ஒழுங்கைக்குள் வராது. வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். தாரிகா சொன்ன மேடம், பேராசிரியர் மீனாம்பிகை, முன்னால் வந்தா. நரைத்த தலை, பருத்திச் சேலை, சத்தமில்லாத நடை. கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேரும் பின்னால், பயிற்சிப் பிள்ளைகள் எல்லாரும் அவர்களுக்குப் பின்னால். உதயகலா வழக்கம் போலக் கதவுச் சீலைக்குப் பின்னால்.

தாரிகா கிணற்றடியில் நின்று கதைத்தாள். குரல் சின்னது. மடிக்கணினியில் ஒரு கோட்டைக் காட்டினாள். சித்திரையிலிருந்து மெல்ல மெல்ல ஏறி வந்த கோடு, கடைசியில் குத்தென மேலே போய் நின்றது.

"புதன்கிழமை கிணறு இறைக்கப்பட்டது. அதாலை கடைசி அளவு கோடைக் கணக்கிலை சேராது" என்றாள்.

கொழும்பிலிருந்து வந்தவர்களில் கண்ணாடி போட்டவர் நிமிர்ந்தார். "இறைக்கக் கூடாதெண்டு நீங்கள் சொல்லேல்லையா?"

"விளங்கிற மாதிரிச் சொல்லேல்லை சேர். பிழை என்ரை."

"எல்லாப் பிழையையும் நீங்கள் எடுக்கத் தேவையில்லை. வீட்டுக்காரருக்கு இதிலை அக்கறை இல்லாட்டில் நீங்கள் என்ன செய்யேலும்?"

அக்கறை இல்லை என்ற சொல் சீலைக்குள்ளால் வந்து உதயகலாவின் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவள் ஒரு தேத்தண்ணீர்த் தட்டைக்கூடக் கையில் எடுக்கவில்லை. வெறுங்கையோடு முற்றத்துக்கு இறங்கினாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற கோபிசங்கருக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"அக்கறையிலைதான் ஐயா இறைச்சனாங்கள்" என்றாள். "நான்தான் இறைப்பிச்சனான். பிள்ளை ஒண்டும் வேண்டாமெண்டு சொன்னவள். அவள் கூச்சத்திலை சொல்லுறாள் எண்டு நான் நினைச்சிட்டன். பெரியாக்கள் வரேக்கை கிணறு ஊத்தையாக் கிடந்தால் அவளுக்கு மரியாதை இல்லையெண்டு... எனக்கு இந்தப் படிப்பொண்டும் தெரியாது. ஆனா இந்தப் பிள்ளை நேற்று முழுக்க இருந்து அழுதழுது அளந்தவள். அவள் பொய் எழுதேல்லை. எழுதியிருக்கலாம். எழுதேல்லை."

சிவதர்ஷன் தன்னுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேராசிரியர் மீனாம்பிகை கிணற்றுக்கட்டில் கையை வைத்தா. புதுச் சுண்ணாம்பு உள்ளங்கையில் ஒட்டியது. அதைப் பார்த்துச் சிரித்தா.

"எங்கடை வீட்டிலையும் அம்மா இதைத்தான் செய்திருப்பா" என்றுவிட்டு, தாரிகாவின் பக்கம் திரும்பினா. "நேற்று அளந்ததைக் காட்டுங்கோ."

தாரிகா காட்டினாள். பேராசிரியர் நெடுநேரம் பார்த்தா.

"நீங்கள் காட்ட வந்த கோடு உடைஞ்சு போச்சு. அதை ஒட்டேலாது. அது உங்கடை அறிக்கைக்குக் குறைதான், நான் மறைக்க மாட்டன். சரி, இந்தக் கிணத்துக்கு நல்ல தண்ணி எப்ப திரும்பி வரும்?"

"தெரியாது மேடம்."

"எனக்கும் தெரியாது. பாத்துச் சொல்லுங்கோ."

அவ்வளவுதான். தேத்தண்ணீர் வந்தது. இரத்தினம்மா வீட்டுத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணீர். குடித்துவிட்டுப் போனார்கள். இடம் உண்டா இல்லையா என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் உதயகலாவுக்கு நீண்ட நாட்கள். குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரத்தினம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இரத்தினம்மா ஒவ்வொரு குடத்தோடும் ஒரு சொல்லும் சேர்த்துத்தான் கொடுப்பாள். "இறை இறையெண்டு நான் சொன்னனானோ? பாசியைத்தான் சுரண்டச் சொன்னனான்." உதயகலா மறுத்துக் கதைக்கவில்லை. கோயில் திருவிழாவுக்கு முந்தித் தன்னுடைய கிணற்றை இறைக்க றஞ்சித்துக்குச் சொல்லி வைத்திருந்த இரத்தினம்மா, அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதையும் கவனித்துக்கொண்டாள்.

தாரிகா இப்போது நாள் தப்பாமல் வந்தாள். உப்பு இறங்கியது, ஆனால் நத்தை மாதிரி இறங்கியது. இரண்டு பேரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பார்கள், பெருமூச்சு விடுவார்கள், வாய்ப்பன் சாப்பிடுவார்கள். அரசாங்க நியமனத்துக்குப் பேர் கூப்பிடப் போகிறார்கள் என்று தாயின் போன் திரும்பவும் வரத் தொடங்கியது.

ஐப்பசி பிறந்தும் மழை இன்னும் வரவில்லை. ஒரு நாள் மத்தியானம், வழக்கமாக அவள் வராத நேரத்தில், படலை திறக்கும் சத்தம் கேட்டது. உதயகலா சீலையை விலக்கினாள். தாரிகா செருப்பைக் கழற்றவில்லை. ஒன்றை உதறினாள், அது மாமரத்தடியில் போய் விழுந்தது. மற்றதோடு படியில் ஏறினாள். உதயகலாவுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் அவள் வாயால் கேட்க வேண்டும் என்று நின்றாள்.

"எடுத்திட்டினம் அக்கா!"

உதயகலா அவளுடைய தலையைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். தன்னுடைய மகனைக்கூட அவன் வளர்ந்த பிறகு அவள் அப்படிக் கொஞ்சியதில்லை. உள்ளேயிருந்து கோபிசங்கர், "ஊமையள் ரண்டும் என்ன சத்தம் போடுதுகள்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

"அம்மாவுக்குச் சொல்லிட்டியோ?"

"சொல்லிட்டன். முதலிலை ஏசினவ. பிறகு, படிப்பு எத்தினை வரியம் எண்டு கேட்டவ. பிறகு, அந்த அக்காவுக்கு என்ன மீன் பிடிக்குமெண்டு கேட்டவ." தாரிகா மூச்சு வாங்கினாள். "ஆனா ஒண்டு இருக்கு அக்கா. மேடம் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறா."

"என்ன?"

"'உமக்கு அளக்கத் தெரியும், கதைக்கத் தெரியாது. உம்மடை கோடு உடைஞ்சது கிணத்தாலை இல்லை, வாயாலை' எண்டு சொன்னவ. அடுத்த கோடைக்கு முந்தி இந்த ஒழுங்கையிலை இருக்கிற அத்தினை வீட்டுக்கும் போய், ஆக்களோடை இருந்து, கிணத்துக்குக் கீழை என்ன கிடக்கெண்டு அவைக்கு விளங்கிற மாதிரிச் சொல்லோணுமாம். அதுதான் என்ரை முதல் பாடமாம். எனக்குத் தனியப் போகப் பயமாக் கிடக்கு. நீங்கள் வருவியளோ?"

உதயகலா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கதைக்கிறதுக்குத் துணை தேடி என்னட்டையோ பிள்ளை வந்தனி?"

"அண்டைக்குக் கொழும்பாருக்கு முன்னாலை கதைச்சனீங்கள்தானே."

"அண்டைக்கு எனக்குக் கோவம் வந்தது. ஒவ்வொரு வீட்டிலையும் கோவம் வருமோ?"

"முதல் வீடு இரத்தினம்மா வீடு அக்கா."

"அப்ப வரும்" என்றாள் உதயகலா.

சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு பேருமாக ஒழுங்கையில் இறங்கினார்கள். கோபிசங்கர் படலையில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். பக்கத்து வீட்டுப் படலைக்குப் பத்தடி தூரமும் இல்லை. அங்கே போய் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

"கூப்பிடுங்கோ அக்கா."

"நீ கூப்பிடு. உன்ரை பாடம்."

"உங்கடை மாமிதானே."

"அதுக்கு? நீ பட்டதாரி."

தாரிகா கையைப் படலைக்குக் கொண்டுபோனாள், திரும்ப எடுத்தாள். உதயகலா தொண்டையைச் செருமினாள், சத்தம் வரவில்லை. ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளேயிருந்து இரத்தினம்மாவின் குரல் வந்தது.

"ஆர் உது, படலையிலை நிண்டு குசுகுசுக்கிறது? எனக்குத் தெரியும் கிணத்துக் கதைதானெண்டு. வாறதெண்டால் வாங்கோ, நாய் கட்டித்தான் கிடக்கு. அந்த மயிலிட்டிப் பிள்ளை முதலிலை வரட்டும். எனக்கு அவளிட்டைக் கேக்கக் கொஞ்சம் கேள்வியள் இருக்கு."